ஐந்து மாதம் பொறுப்பதா, நாளையே விலகுவதா?

மண்டபத்தான்:
ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் 4 ஆண்டு 3 மாதமாகக் கணக்கு எழுதுகிறேன். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் நீலக்கால் நண்டை விடிகாலையில் நிறுத்து, கிலோவுக்கு 100 கிராம் ஈரக்கழிவு என்று குறைத்து எழுத வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. கூடை சொட்டச் சொட்ட இருந்தாலும், காய வடிந்திருந்தாலும் கழிவு ஒன்றுதான். போன வாரம் என் சித்தப்பா சீட்டை வாங்கிப் பார்த்தவர், ஒரு வார்த்தையும் பேசாமல் அதை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு நடந்துவிட்டார். விலகிக் கடல்பாசி வளர்க்கலாம் என்று இருக்கிறேன். என் அசல் பட்டச் சான்றிதழ் முதலாளியின் பீரோவில் இருக்கிறது. பெரியவர்கள் வழி சொல்ல வேண்டும்.

தொண்டிக் கணக்கர்:
தம்பி, இப்போது விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தால் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) இழப்பீர்கள். சட்டப்படி 5 ஆண்டுத் தொடர்பணி வேண்டும் என்றாலும், ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று பழைய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதன்படி உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் பாக்கி. அடிப்படைச் சம்பளம் 13,000 என்று வைத்தால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க ஓர் ஆண்டுக்கு 7,500. ஐந்தாண்டுக்கு 37,500 ரூபாய். அதை விட்டுவிட்டு வருவது ரோஷமாக இருக்கலாம், கணக்காகாது.

கீழக்கரையான்:
ஐயாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதில் சித்தப்பா இல்லை. நானும் சார்ஜாவில், பணிக்கொடை கூடட்டும், இன்னும் ஒரு வருடம் என்று சொல்லிச் சொல்லியே ஆறு ஆண்டைப் பதினோரு ஆண்டாக்கியவன். பிடிக்காத வேலையில் தங்குவதற்குக் காரணம் தேடினால் மாதம் ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும். சொந்த மக்களின் நண்டைக் குறைத்து எழுதும் கைக்கு 37,500 எம்மாத்திரம்? நாளையே எழுதிக் கொடுங்கள்.

தொண்டிக் கணக்கர்:
எழுதிக் கொடுத்துவிட்டு எந்தத் தெப்பத்தில் ஏறுவார்? ஐப்பசியில் வாடைக்காற்று கிளம்பினால், பாசி கட்டும் பாக் நீரிணையில் தெப்பம் நிற்குமா? இதை நீங்கள் சொல்லவில்லை.

பாசிக்காரி, பாம்பன்:
நான் 11 ஆண்டாகப் பாசி கட்டுகிறவள் என்பதால் குறுக்கே வருகிறேன். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், நன்றாக வந்தால் 45 நாளில் 260 கிலோ தேறும். விதைக்கு 60 எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் காயவைத்தால், பத்துக்கு ஒன்றாகச் சுருங்கி 20 கிலோ நிற்கும். ஒரு தெப்பத்துக்கு அவ்வளவுதான். ஒரு குடும்பம் பிழைக்க 40, 45 தெப்பமாவது வேண்டும். சித்திரை வெயிலில் கடல் சூடேறினால் பாசி வெளுத்து, தொட்டால் கையோடு வரும். அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் இரவோடு இரவாக மேய்ந்துவிடும். வாடையைப் பற்றி ஐயா சொன்னது சரி.

இன்னொன்றையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்த பாசியை வாங்க வருகிறவரும் ஒரு பிடி எடுத்து நெரித்துப் பார்த்து, ஈரம் இருக்கிறது என்று சொல்லித்தான் எடையைக் குறைப்பார். தராசை விட்டு ஓடி வருவதாக நினைத்துப் பாசிக்கு வர வேண்டாம். தராசின் எதிர்ப்பக்கம் வந்து நிற்கப் போகிறீர்கள்.

கீழக்கரையான்:
எதிர்ப்பக்கம் நிற்பதே பெரிய வித்தியாசம், அக்கா. ஏமாறுவது வேறு, ஏமாற்றுவது வேறு.

பாசிக்காரி, பாம்பன்:
அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கையில் காசில்லாமல் வருகிறவர் முதல் வாடையிலேயே வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். வாங்கிய பிறகு விலை பேச வாய் எழாது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 விழுக்காடும் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும் மானியம் உண்டு. தம்பிக்கு மனைவி இருந்தால் அவர் பெயரில் மீன்வளத்துறையில் மனுக் கொடுக்கட்டும். மானியம் கைக்கு வர நாளாகும். அதுவரை சோற்றுக்குச் சம்பளம் வேண்டும்.

தொண்டிக் கணக்கர்:
சான்றிதழை முதலில் வாங்குங்கள். வங்கிக் கடனுக்கு அசலைக் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். விலகல் கடிதம் கொடுத்த பிறகு அந்த பீரோவின் சாவி தொலைந்துபோகும்; பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் அப்படியே விட்டுவையுங்கள்.

மண்டபத்தான்:
எல்லோருக்கும் நன்றி. கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதுதான் மனத்துக்கு ஒப்புகிறது. ஐயா சொன்னதைத்தான் செய்யப் போகிறேன், ஒரு மாற்றத்தோடு. என்னைத் தராசடியிலிருந்து நீக்கி ஐஸ் கணக்குக்கோ பேக்கிங் பக்கமோ போடும்படி நாளை கேட்கிறேன். சம்பளத்தில் ஆயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. முதலாளி மறுத்தால் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே விலகிவிடுவேன், பணிக்கொடை போனாலும் போகட்டும். அக்கா, வாடைக்கு முன் ஓர் அறுவடைக்கு நாள் இருக்கிறதே, உங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பாசி கட்டப் பழகலாமா?

கீழக்கரையான்:
அந்த ஆயிரம் குறைந்தால், தம்பி, பணிக்கொடையும் குறையும். ஐயா இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தொண்டிக் கணக்கர்:
உண்மைதான். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. ஆயிரம் குறைந்தால் 2,885 ரூபாய் போகும். போகட்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

பாசிக்காரி, பாம்பன்:
ஞாயிறு விடிகாலை வாருங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். அடியில் சிப்பி கிழிக்கும். பழைய ரப்பர் செருப்பு இருந்தால் கயிற்றால் காலோடு கட்டிக்கொள்ளுங்கள், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.