பால் குடித்தால் ஈயம் இறங்கிவிடுமா?

ஓசூர் பேட்டரிக்காரர்:
காலையில் இங்கே மைந்தன் எழுதியது இது: "2000-இல் பெட்ரோலில் ஈயத்தை எடுத்ததோடு தொழிலாளிக்கு ஈய ஆபத்தும் போய்விட்டது. மிச்சம் இருந்தாலும் தினம் ஒரு டம்ளர் பால், ஒரு கட்டி வெல்லம் போதும்." படித்ததும் வயிறு எரிந்தது. பெட்ரோலில் எடுத்தது ரோட்டில் போகிறவனுக்கும் பங்க் பையனுக்கும் நல்லது, சரி. பேட்டரித் தகடு என்ன வெண்ணெயிலா செய்கிறார்கள்? பதினான்கு வருடம் தகடு வார்க்கும் இடத்தில் நின்றவன் நான்.

மைந்தன், தருமபுரி:
கோபம் வேண்டாம் அண்ணா. என் பெரியப்பாவுக்குக் கம்பெனியிலேயே தினமும் பால் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எல்லாம் முட்டாள்களா? இன்றைக்கும் மனிதர் கல் மாதிரி இருக்கிறார்.

பழைய அச்சகம், கிருஷ்ணகிரி:
ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோத்தோம். விரல் நுனி கறுத்திருக்கும், வேட்டியில் துடைத்துவிட்டு அதே கையால் போண்டா சாப்பிடுவோம். ரத்தம் எடுத்துப் பார்க்க யாரும் வரவில்லை. ஆஃப்செட் வந்தது, ஈயம் போனது. எங்களைக் காப்பாற்றியது மிஷின்தான், பாலும் இல்லை, சட்டமும் இல்லை.

காவேரிப்பட்டணம் மணி:
ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். நமக்கு என்ன ஆகிவிட்டது?

பழைய அச்சகம், கிருஷ்ணகிரி:
அது வெள்ளீயம், வேறு உலோகம். இங்கே பேசுவது காரீயம்.

காவேரிப்பட்டணம் மணி:
எல்லாம் ஈயம்தான்.

ஓசூர் பேட்டரிக்காரர்:
உருக்கும்போது வரும் புகை மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போகிறது. பால் வயிற்றுக்குப் போகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும்? அமெரிக்காவில் 1978-லேயே வேலையிடக் காற்றுக்குக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தார்கள். நம் தொழிற்சாலைச் சட்ட அட்டவணையில் போட்டது 0.15 மில்லிகிராம், அதாவது 150. கலிபோர்னியா 2025-இல் 10-க்கு இறக்கிவிட்டது. தர்மபுரிக்காரர் இன்னும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

மைந்தன், தருமபுரி:
முதலில் தருமபுரி என்று எழுதப் பழகுங்கள். 2004-இல் எங்களிடமிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததிலிருந்து உங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. மாங்கூழ் ஆலை விவாதத்திலும் இப்படித்தான் குதித்தீர்கள், நான் மறக்கவில்லை.

ஓசூர் பேட்டரிக்காரர்:
மாவட்டத்தை நானா பிரித்தேன்? மாங்கூழில் நான் சொன்னதுதான் சரி, இப்போதும் சொல்வேன். விஷயத்துக்கு வாருங்கள். 2011-இல் என் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 52 மைக்ரோகிராம். பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். நான்கு மாதத்தில் 34. எனக்குப் பாலே பிடிக்காது. இடம் மாறியதால் இறங்கியது.

மைந்தன், தருமபுரி:
நான்கு மாதமும் டீ குடிக்கவில்லையா? அதில் இருப்பது பால் இல்லையா?

ஊத்தங்கரை செல்வி:
நான் நர்ஸ். சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்த உடம்பு, வயிற்றுக்குள் போகும் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். அந்த அளவுக்குத்தான் நல்ல சாப்பாடு உதவும். ஏற்கனவே எலும்பில் ஏறியதைப் பால் எடுக்காது, அது பல வருடம் அங்கேயே இருக்கும்.

மைந்தன், தருமபுரி:
பார்த்தீர்களா, நர்ஸே உதவும் என்கிறார்!

ஓசூர் பேட்டரிக்காரர்:
அடுத்த வரியையும் படியுங்கள் ஐயா. ஷிப்ட் முடிந்து அதே சட்டையோடு வீட்டுக்குப் போவேன். மகள் ஓடிவந்து தோளில் முகம் புதைப்பாள். காலர் மடிப்பில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருக்கும். அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. சட்டையைக் கம்பெனியிலேயே கழற்றிக் குளித்துவிட்டுப் போ என்று பின்னால் வந்த சூப்பர்வைசர்தான் சொன்னார். மாற்றம் என்றால் அது. உங்கள் பெரியப்பாவுக்கு ஒரு தடவையாவது ரத்தம் எடுத்தார்களா?

மைந்தன், தருமபுரி:
அவருக்கு எதற்கு ரத்தம்? ஆள் நன்றாக இருக்கிறார்.

ஓசூர் பேட்டரிக்காரர்:
எடுத்தார்களா, இல்லையா?

மைந்தன், தருமபுரி:
பால் கொடுத்தார்களா, இல்லையா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.