மறு: 'சார்ஜ்': வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே, கைப்பேசிச் செயலி ஒன்றைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'சார்ஜ்' பல இடங்களில் வருகிறது. பணம் என்றால் 'கட்டணம்', சிக்கலில்லை. பேட்டரிப் படத்துக்குக் கீழே வருவதுதான் இழுபறி. 'மின்னூட்டப்படுகிறது' என்று போட்டேன். இடம் போதாமல் 'மின்னூட்டப்ப…' என்று நிற்கிறது.
(மொழிபெயர்ப்பாளர்)

மின்னூட்டத்தைக் கைவிடாதீர்கள். எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம், அலகு கூலும் என்றுதான் வகுப்பில் நடத்துகிறேன். வீட்டில் ஒரு சொல், பாடத்தில் ஒரு சொல் என்றால் பிள்ளைகள் குழம்புவார்கள்.
(இயற்பியல் ஆசிரியர், திருச்சி)

நேர், எதிர் மின்னூட்டங்களை நாங்கள் நேரேற்றம், மறையேற்றம் என்றே படித்தோம். மின்னேற்றம் இலங்கைப் பாடநூல்களில் நெடுங்காலமாக இருக்கிற சொல். யாரும் குழம்பவில்லை.
(யாழ்ப்பாணத்திலிருந்து)

வேரைப் பாருங்கள். லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவதே பிரெஞ்சு வழியாகச் 'சார்ஜ்' ஆயிற்று. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது, ஒருவர்மேல் பழி சுமத்துவது எல்லாம் அதன் கிளைகள். வள்ளுவரும் வண்டிக்குத்தான் போகிறார்: 'பீலிபெய் சாகாடும்' (மயிலிறகு ஏற்றிய வண்டியும், குறள் 475). பாரம் ஏற்றுவதற்கு அவர் சொல் 'பெய்'. ஆகவே 'மின்பெய்வு' என்கிறேன்.
(புலவர்)

ஐயா, 'மின்பெய்வு' என்றால் மழைதான் நினைவுக்கு வரும். என் அம்மா ஒயரை அசைத்து அசைத்துப் பார்த்துவிட்டு, "சார்ஜ் ஏறவே மாட்டேங்குது" என்பார். வினை மக்கள் வாயிலேயே இருக்கிறது. ஏறு தன்வினை, ஏற்று பிறவினை, இரண்டும் புழங்குகின்றன. ஊட்டுக்குத் தன்வினை 'உண்'. 'மின் உண்கிறது' என்று எழுத முடியுமா? 'சார்ஜ் ஏறுகிறது' என்றே போடுங்கள்.
(மதுரையிலிருந்து)

ஏறுகிறது சரி, சார்ஜ் கூடாது. தமிழ்ச் சொல்லின் ஈற்றில் வல்லின மெய் நிற்காது, இதிலோ கிரந்த மெய்யே நிற்கிறது. 'மின்னேறுகிறது' என்றால் யாருக்குப் புரியாது?
(புலவர்)

இரவு பதினொன்றாகிவிட்டது. ஐந்து பேர் சம்மதம், ஒருவர் மறுப்பு. திரையில் 'மின்னேறுகிறது 64%', உதவிப் பக்கத்தில் 'மின்னேற்றம்' என்று அனுப்புகிறேன்.
(மொழிபெயர்ப்பாளர்)

அனுப்புங்கள், தம்பி. ஆனால் என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். நாளை ஒரு பிள்ளை தேர்வில் 'எதிர் மின்னேற்றம்' என்று எழுதி மதிப்பெண் போனால், அதற்கு யார் பொறுப்பு?
(இயற்பியல் ஆசிரியர்)