சூடு கூடினால் வடக்குக் காட்டு மரங்கள் வேகமாகத்தானே வளர வேண்டும்?

கேள்வி:
அலாஸ்கா, கனடா, சைபீரியா பக்கத்து ஊசியிலைக் காடுகளில் மரத்தைக் கட்டிப்போட்டிருப்பது குளிர்தானே? கோடை நீண்டால் மரம் கூடுதலாக வளரும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உள் அலாஸ்காவில் வெப்பமான ஆண்டுகளில் வெள்ளை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் ஆண்டு வளையம் (தண்டில் ஆண்டுக்கொன்றாகச் சேரும் வளர்ச்சி வளையம்) மெலிந்துபோகிறதாம். எப்படி?

பதில் 1:
தண்ணீர்தான் விஷயம். உள் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் மழை, பனி எல்லாம் சேர்த்தே ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ.தான். குளிராக இருந்தவரை அது போதும், காற்று சூடானால் ஊசியிலையிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், மரம் வேறு வழியில்லாமல் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், மூடினால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது, அப்புறம் எங்கிருந்து வளர்வது? வறண்ட ஆண்டின் வளையத்தை லென்ஸில் பாருங்கள், நூல் மாதிரி இருக்கும்.

பதில் 2:
சரி, ஆனால் எல்லா இடத்துக்கும் இதையே பொருத்தாதீர்கள். ஈரம் குறையாத வடக்கு மரவரம்பில் (அதற்கு அப்பால் குளிரால் மரம் வளராத எல்லை) பல இடங்களில் மரங்கள் நன்றாகவே வளர்கின்றன.

கேள்வி கேட்டவர்:
உறைமண் (ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம்) உருகினால் ஈரம் கிடைக்காதா?

பதில் 1:
சில இடங்களில் கிடைக்கும். ஆனால் தரை அமிழ்ந்து கறுப்பு ஸ்ப்ரூஸ் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும், தேங்கிய நீரில் வேர் மூச்சுமுட்டிப்போகும்.

பதில் 3:
வண்டை விட்டுவிட்டீர்களே! மரப்பட்டையைத் துளைத்து உள்ளே பெருகும் ஸ்ப்ரூஸ் பட்டை வண்டு இரண்டு ஆண்டில் முடிக்கும் வாழ்க்கைச் சுற்றை வெப்பமான கோடையில் ஒரே ஆண்டில் முடித்துவிடும். தாகத்தில் தவிக்கும் மரத்தால் போதிய பிசின் சுரந்து அதை வெளியே தள்ள முடியாது. 1990களில் தெற்கு அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் காடு காடாகச் செத்தது இப்படித்தான்.