150 பேர்னு சொன்னாங்க, வந்தது 90

நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன கேட்டரிங் நடத்துறோம். முழுக்க தாவர உணவு, பால் நெய் தேன் முட்டை எதுவும் கிடையாது, குப்பைன்னு ஒரு பையும் வெளிய போகக்கூடாதுன்னு ஒரு வைராக்கியம், செலவு போக மிஞ்சுற காசு மொத்தமும் தொண்டுக்கு. இதச் சொன்னா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, பால் இல்லாம எப்படிங்க சமைக்கிறீங்க? உண்மையச் சொல்றேன், இதுல சுலபமான வேலையே சமையல்தான். கொண்டைக்கடலை வேகவச்ச தண்ணிய அடிச்சா முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைச்சு வரும்னு 2014லயே ஒரு பிரெஞ்சு இசைக்கலைஞர் கண்டுபிடிச்சு எழுதிட்டாரு, நாம கீழ ஊத்திட்டு இருந்த தண்ணி அது, இப்ப எங்க கேக்கெல்லாம் அதுலதான் எழும்புது. கஷ்டம் வேற இடத்துல இருக்கு, அதத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு பண்ணவர் 150 பேர்னு உறுதியா சொன்னாரு. நானும் திருப்பிக் கேக்கல. வந்தது 90. மதியம் பன்னண்டரைக்குத் திறந்த பெரிய சாதப் பாத்திரம் நாலரை மணிக்கு பாதி அப்படியே கிடக்கு. கையை வச்சுப் பாத்தேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. அந்த வெதுவெதுப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, ஏன்னா பிரச்சனையே அதுதான். சமைச்சது 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், இல்ல 5 டிகிரிக்குக் கீழ குளிர்ல இருக்கணும், வெளிய சும்மா ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்கன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. சோத்துல பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி உண்டு, அதோட வித்து வேகவச்சாலும் சாகாது, சோறு ஆற ஆற முளைச்சு நஞ்சு விடும், திரும்ப சூடு பண்ணாலும் அந்த நஞ்சு போகாது.

யாரோ சொன்னாங்க, பக்கத்துல பிள்ளைங்க காப்பகம் இருக்கே, வீணாக்காம குடுத்துடுங்கன்னு. நல்ல மனசுலதான் சொன்னாங்க. நான் குடுக்கல. என் பிள்ளைக்கு அதப் போட மாட்டேன், அப்ப அங்க இருக்குற பிள்ளைங்களுக்கு மட்டும் எப்படிப் போடுறது? மொத்தமும் உரக்குழிக்குப் போச்சு. அன்னைக்கு தொண்டுக்குன்னு சேர வேண்டிய காசும் அதோடயே குழிக்குள்ள போச்சு, ஏன்னா நாங்க மிச்சம்னு எழுதி வச்சிருந்தது அந்த 60 பேர் சாப்பாட்டுக் காசுதான். ராத்திரி பாத்திரம் கழுவும்போது யாரும் பேசல.

2022ல உலகத்துல 105 கோடி டன் உணவு வீணாச்சுன்னும், அதுல 29 கோடி டன் ஹோட்டல், கேட்டரிங் மாதிரி இடங்கள்ல இருந்துன்னும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்போட அறிக்கையில படிச்சேன். முன்னாடின்னா அது வெறும் நம்பர். இப்ப படிக்கும்போது எங்க பாத்திரம் கண்ணு முன்னாடி வருது.

அதுக்கப்புறம் மாத்திட்டோம். ஆள் கணக்க ஒரு தடவ கேக்குறதில்ல, ஆர்டர் எடுக்கும்போது, ஒரு வாரம் முன்னாடி, மூணு நாள் முன்னாடின்னு மூணு தடவ, கடைசில சொல்றதுதான் கணக்கு. அந்த நம்பர்லயும் முக்கால் பங்குதான் முதல்ல சமைக்கிறோம், மிச்சத்துக்குக் காய் நறுக்கி, கடலை ஊறவச்சு குளிர்ல ரெடியா இருக்கும், கூட்டத்தப் பாத்து ரெண்டாவது அடுப்பு பத்த வைப்போம். மிஞ்சுற மாதிரி தெரிஞ்சா காத்திருக்காம அகலத் தட்டுல மெல்லிசா பரப்பி சீக்கிரம் ஆறவச்சு ஃபிரிட்ஜுக்கு ஏத்திடுவோம், அப்படி வச்சத மட்டும்தான் யாருக்கும் குடுப்போம்.

இன்னொன்னு, மூணு வாளி. நறுக்குன கழிவு ஒன்னு, பாத்திரத்துல மிஞ்சுனது ஒன்னு, பிளேட்ல மிச்சம் வச்சது ஒன்னு, மூணையும் தனித்தனியா எடை போட்டு நோட்டுல எழுதுறோம். எங்களோட வந்த சின்னப் பொண்ணு ஒருத்தி பிளேட் வழிக்குற இடத்துல நின்னவ, அக்கா இங்க பாருங்கன்னு கூப்பிட்டா. வாளி பூரா காலிஃபிளவர் தண்டு. பூவ சாப்பிட்டு தண்ட ஒதுக்கியிருக்காங்க, கட்டை விரல் தடிமன்ல வெட்டியிருந்தோம், நடுவுல வேகவே இல்ல. அடுத்த தடவ தண்ட மட்டும் மெல்லிசா சீவி முதல்ல போட்டு வேகவிட்டு அப்புறம் பூவப் போட்டோம், வாளில ஒரு கைப்பிடி கூட இல்ல. எடை போடாம இருந்திருந்தா ஜனங்களுக்கு காய் பிடிக்கலன்னு முடிவு பண்ணியிருப்போம்.

உங்க அனுபவமும் சொல்லுங்க, கெட்டது நடந்திருந்தா அதையும் மறைக்காம எழுதுங்க.

*

அக்கா, நான் பிளேட் விஷயம் சொல்றேன். ஆரம்பத்துல மக்கும்னு போட்டிருந்த கப்பு, ஃபோர்க்கெல்லாம் வாங்கி ரொம்பப் பெருமையா வச்சேன். எல்லாத்தையும் எங்க உரக்குவியல்ல போட்டேன். எட்டு மாசம் கழிச்சு கிளறுனா தோலெல்லாம் கருப்பு மண்ணாயிடுச்சு, ஃபோர்க் மட்டும் பல்லு கூட உடையாம வருது. அப்பறம்தான் விசாரிச்சேன், அது பி.எல்.ஏ.ன்னு செடில இருந்து செய்யுற பிளாஸ்டிக், கிட்டத்தட்ட 60 டிகிரி சூட்ட நாள் கணக்கா விடாம பிடிச்சு வைக்குற பெரிய உர ஆலைலதான் ஒழுங்கா மக்கும், நம்ம குவியல்ல ஆகாது. குப்பைக்கிடங்குக்குப் போனாலும் அப்படியேதான் கிடக்கும்.

இப்ப எல்லாம் எவர்சில்வர்தான். கழுவுறதுக்கு ரெண்டு ஆள் தனியா வேணும், வெந்நீர் வேணும், இத முதல் நாளே கணக்குல சேத்துடுங்க, சமையல் ஆளையே கழுவச் சொன்னா அடுத்த தடவ அவங்க வரமாட்டாங்க. எண்ணி அனுப்பி எண்ணி வாங்குறோம். ஒரு தடவ 120 ஸ்பூன் போய் 117 வந்துச்சு, மூணும் ஹால்காரங்க குப்பைத் தொட்டில இருந்துச்சு, யாரோ பழக்க தோஷத்துல பிளாஸ்டிக் ஸ்பூன்னு நெனச்சு தூக்கிப் போட்டிருக்காங்க. இப்ப நாங்க போன உடனே அந்தத் தொட்டிய ஓரமா எடுத்து வச்சுட்டு, பிளேட் வைக்குற மேசைய வழில போட்டுட்டு, ஒரு ஆள நிக்க வைக்கிறோம்.

*

நான் ஒரு பயந்த கதை சொல்றேன். எங்க போர்டுல "முழுக்க தாவர உணவு"ன்னு மட்டும் எழுதியிருந்தோம். ஒரு அம்மா பையனக் கூட்டிட்டு வந்து, இதுல பால் இல்லைல்லன்னு கேட்டாங்க, இல்லைங்கன்னு நான் சொல்லிட்டேன். பையன் ஸ்பூன எடுத்து வாய்கிட்ட கொண்டு போயிட்டான், அப்பதான் அந்த அம்மா சாதாரணமா கேக்குறாங்க, அப்ப இந்த வெள்ளைக் குழம்பு எதுல செஞ்சதுன்னு. முந்திரிங்கன்னேன். அவங்க ஸ்பூனத் தட்டி விட்ட வேகம் இருக்கே. பையனுக்கு முந்திரி ஆகவே ஆகாதாம், மூச்சு அடைச்சு ஏற்கனவே ஒரு தடவ ஆஸ்பத்திரில இருந்திருக்கான்.

நாம பாலையும் முட்டையையும் எடுத்துட்டு அந்த இடத்துல வைக்குறது எல்லாமே முந்திரி, பாதாம், சோயா, எள்ளு, கோதுமை. அலர்ஜி இருக்குறவங்களுக்கு நம்ம சாப்பாடு அதிக ஆபத்தாவே இருக்கலாம். இப்ப ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னாடி ஒரு அட்டை, அதுல போட்ட எல்லாப் பொருளும், எண்ணெய் உட்பட. கரண்டியும் பாத்திரத்துக்கு ஒன்னு, மாத்திப் போட்டா பரிமாறுறவங்கள அந்த இடத்துலயே நிறுத்திடுவேன், கோவப்பட்டாலும் பரவாயில்ல.

இதோட ஒன்னு, ராஜ்மா செய்யுறவங்க தயவுசெஞ்சு கொதிக்க விடாம சிறு தீயிலயே வச்சு வேகவைக்காதீங்க. அஞ்சு மணி நேரமாவது ஊறவச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, புதுத் தண்ணில அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்கணும். அரைவேக்காட்டுல நாலஞ்சு பருப்பு உள்ள போனாலே வாந்தி எடுக்கும்.

*

காசு விஷயத்த யாரும் எழுதலயே. தொண்டுக்குத்தானே செய்யுறீங்க, அப்ப எங்களுக்கு சும்மா செய்யுங்களேன்னு ஒரு நிகழ்ச்சிக்காரங்க கேட்டாங்க, எனக்கு சரியா பதில் சொல்லத் தெரியல, கூச்சப்பட்டு ஒத்துக்கிட்டேன். காய், கேஸ், வண்டி எல்லாம் முந்துன மாசம் சேத்து வச்சதுல இருந்து போச்சு. அது எங்க காசில்லையே, ஒருத்தருக்குன்னு சொல்லி வாங்குன காசு. இப்ப தனி பேங்க் அக்கவுண்ட், ஒவ்வொரு நிகழ்ச்சி முடிஞ்சதும் வரவு செலவ ஒரே பக்கத்துல எழுதி சாப்பாடு வாங்குனவங்களுக்கே அனுப்பிடுறோம். அதப் பாத்தவங்க யாரும் இதுவரைக்கும் சும்மா செய்யச் சொல்லல, ரெண்டு பேர் கூடவே குடுத்தாங்க.

*

எல்லாரும் எழுதுனதுக்கு ரொம்ப நன்றி, பொருள் அட்டை விஷயத்த நாளைக்கே ஆரம்பிக்கிறோம். ஒன்னு சொல்ல விட்டுட்டேன், அந்த 150 சொன்னவரே திரும்ப வந்தாரு. இந்தத் தடவ மூணு தடவ கேட்டு 80க்கு வந்து நின்னாரு, ஆனா அன்னைக்கு காலைல இருந்து பத்தாம போயிடுமோ, மானம் போயிடுமோன்னு பாத்திரத்தையே சுத்திச் சுத்தி வந்தாரு. அவரக் கூட்டிட்டுப் போய் ஃபிரிட்ஜத் திறந்து நறுக்கி வச்ச காயையும் ஊறுன கடலையையும் காட்டுனேன், இருபது நிமிஷம் குடுத்தா இன்னும் இருபது பேருக்கு ஆகும்னேன், அப்பறம்தான் போய் உக்காந்தாரு. வந்தது 84. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் சோத்துப் பாத்திரத்துல ரெண்டு கரண்டி இருந்துச்சு, அத நாங்க நாலு பேரும் அவரும் அடுப்படிலயே நின்னு சாப்பிட்டோம்.