கேம் கொன்ட்ரோலரால் சிஎன்சி இயந்திரத்தை நகர்த்துதல்: ஸ்டிக்கை விட்ட பின்னும் இசட் அச்சு ஏன் இறங்கியது?

முதிரை (உப்புவெளி)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டோடு சேர்ந்த எங்கள் தச்சுப் பட்டறையில் கதவுப் பலகைகளிலும் சுவாமி அறை நிலைகளிலும் பூவேலை செதுக்குவதற்காக, 600 மி.மீ.க்கு 400 மி.மீ. வேலைப்பரப்புள்ள ஒரு சிஎன்சி இயந்திரத்தை (கணினிக் கட்டளைப்படி நகர்ந்து செதுக்குவது) நானே பூட்டி எடுத்தேன். அதன் மோட்டர்களை ஆட்டுவிக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு சுற்றுப் பலகையில் ஜிஆர்பிஎல் 1.1 என்ற மென்பொருள் ஓடுகிறது. மரத்தூள் படாதிருக்கக் கணினியைக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வைத்திருப்பதால், வெட்டுமுனையைப் பலகையின் மூலைக்குக் கொண்டுபோய்ச் சுழியம் (அளவுகள் தொடங்கும் புள்ளி) வைப்பதற்குள் பத்துத் தடவையாவது அங்குமிங்கும் நடக்க வேண்டியிருந்தது. அக்காவின் மகன் தன்னுடைய பழைய எக்ஸ்பொக்ஸ் 360 கேபிள் கொன்ட்ரோலரைத் தந்து, அதற்கென்று பைதனில் ஒரு சிறு நிரலும் எழுதித் தந்தான். இடது ஸ்டிக் எக்ஸ், வை அச்சுகளுக்கு. வலது ஸ்டிக் மேலும் கீழும் போகும் இசட் அச்சுக்கு. இரண்டு கிழமை மிகவும் வசதியாக இருந்தது.

சென்ற வெள்ளிக்கிழமை, பாதி செதுக்கி முடிந்த ஒரு தேக்குப் பலகையில் முனையை மாற்றிவிட்டு, ஸ்பிண்டில் (முனையைச் சுழற்றும் மோட்டர்) ஓடாத நிலையில் இசட் அச்சை இறக்கினேன். முனை மரத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. மேலே வந்தபோது ஸ்டிக்கை விட்டுவிட்டேன். அச்சு நிற்கவில்லை. ஒரு தாமரை இதழின் நடுவில் முனை குத்தி இறங்கி முறிந்தது. திரையில் பார்த்தால், நான் விட்ட இடத்திலிருந்து 5 மி.மீ. கீழே போயிருந்தது. ஸ்டிக் நடுவுக்குத் திரும்பியதை என் கண்ணாலேயே பார்த்தேன். நிரல் வினாடிக்கு 40 தடவை, ஒவ்வொன்றும் 0.5 மி.மீ. நகரும்படி ஜொக் கட்டளை (அச்சைக் கையால் நகர்த்துவதற்கானது) அனுப்புகிறது; இசட் அச்சின் வேகம் நிமிடத்துக்கு 600 மி.மீ. ஸ்டிக்கை விட்டதும் அனுப்பாமல் மிஞ்சியிருக்கும் கட்டளைகளை நிரல் அழித்துவிடுகிறது என்று மருமகன் உறுதியாகச் சொல்கிறான்.

என் கேள்விகள் இரண்டு. இது ஏன் நடந்தது? இந்தக் கருவி இந்த வேலைக்குப் பொருந்துமா? துறைமுகத்தில் பல ஆண்டுகள் பாரந்தூக்கி இயக்கிய என் தகப்பனார், விளையாட்டுச் சாமானை வேலைக்குக் கொண்டு வராதே என்று தொடக்கத்திலேயே சொன்னவர்.

மூன்றாம் அச்சு (லிங்கநகர்)

முதிரை அண்ணா, நீங்கள் தந்த எண்களிலேயே விடை இருக்கிறது. வினாடிக்கு 40 தடவை 0.5 மி.மீ. என்றால், நீங்கள் வினாடிக்கு 20 மி.மீ. கேட்கிறீர்கள், நிமிடத்துக்கு 600 மி.மீ. என்பதோ வினாடிக்கு 10 மி.மீ. மட்டுமே. அரை வினாடி ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்தால் 10 மி.மீ. கேட்டிருப்பீர்கள், 5 மி.மீ. நடந்திருக்கும், மீதி 5 மி.மீ. பாக்கியாக நிற்கும். உங்கள் பலகையில் இறங்கியது அந்தப் பாக்கிதான்.

மருமகன் சொல்வதும் பிழையில்லை. கணினியில் காத்திருக்கும் கட்டளைகளை அவர் அழித்திருப்பார். ஆனால் ஊனோவுக்குள் ஜிஆர்பிஎல் தனக்கென்று ஒரு திட்டமிடல் வரிசை வைத்திருக்கிறது. ஏறக்குறைய 15 நகர்வுகள் அதில் அடங்கும். அரை வினாடியில் உருவான 10 நகர்வுப் பாக்கி முழுவதும் ஏற்கெனவே அதற்குள் போய்விட்டது. அந்த நிலையில் நிரலை மூடியிருந்தாலும் அச்சு இறங்கியே இருக்கும்.

இதற்காகவே 1.1 பதிப்பில் ஜொக் ரத்து என்ற உடனடிக் கட்டளையைச் சேர்த்தார்கள். பதினாறடிமான எண்ணில் 85 என்ற ஒற்றை பைட் அது. அதைப் பெற்றவுடன் ஜிஆர்பிஎல் அச்சை முறையாக வேகம் குறைத்து நிறுத்தி, வரிசையில் மிஞ்சிய ஜொக் நகர்வுகளைக் கொட்டிவிடும். இருப்பிடக் கணக்கும் தவறாது. அந்தப் பைட்டை மற்றக் கட்டளைகளோடு வரிசையில் போடக்கூடாது. வரிசையைக் கடந்து நேரே எழுத வேண்டும்.

இரண்டாவது திருத்தம், ஒவ்வொரு நகர்வின் நீளத்தையும் வேகத்திலிருந்தே கணக்கிடுவது. நீளம் என்பது வேகத்தைக் கால இடைவெளியால் பெருக்கி வருவது. ஸ்டிக்கைப் பாதி தள்ளினால் வேகமும் பாதி, நீளமும் பாதி. இடைவெளியை மிகச் சிறிதாக்கினால் வேறொரு சிக்கல் வரும்: வரிசையில் உள்ள மொத்தத் தூரத்துக்குள் நின்றுவிடக்கூடிய வேகத்துக்கு மேலே ஜிஆர்பிஎல் போகாது. ஆகவே வேகத்தின் வர்க்கத்தை, முடுக்கத்தின் இருமடங்கையும் 14 என்ற எண்ணையும் (வரிசையின் 15 நகர்வுகளில் ஒன்று குறைய) பெருக்கி வருவதால் வகுத்தால் கிடைக்கும் காலத்தைவிட உங்கள் இடைவெளி கூடியதாக இருக்க வேண்டும். வேகம் வினாடிக்கு 25 மி.மீ., முடுக்கம் 500 (வினாடிக்கு வினாடி மி.மீ.) என்று வைத்தால் ஏறக்குறைய 0.045 வினாடி வரும். ஒரு நகர்வு 1.1 மி.மீ. ஆகும். முந்திய நகர்வுக்கு இயந்திரம் சரி என்று பதில் தரும்வரை அடுத்ததை அனுப்பாதிருப்பதும், அனுப்பாதவற்றைச் சேர்த்து வைக்காதிருப்பதும் அவசியம்.

சீனக்குடா மின்வினைஞர்

மேலே தம்பி சொன்னது நிரலின் பக்கம். நான் கம்பியின் பக்கத்தைச் சொல்கிறேன்.

அந்த ஸ்டிக்குக்குள் இருப்பவை இரண்டு சிறிய மாறுமின்தடைகள். அவை தேய்ந்தால், கை படாமலே நடுநிலை விலகிப் பெறுமானம் காட்டும். கடற்கரையோரப் பட்டறையில், உப்புக் காற்றும் மரத்தூளும் சேரும் இடத்தில், அந்தத் தேய்வு வீட்டில் விளையாடுபவருடையதைவிட விரைவில் வருவதை நான் கண்டிருக்கிறேன். எக்ஸ்பொக்ஸ் ஸ்டிக்கின் பெறுமானம் ஒரு பக்கம் 32767 வரை போகும். அதில் இடது ஸ்டிக்குக்கு 7849, வலது ஸ்டிக்குக்கு 8689 வரையான அசைவைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று மைக்ரோசொஃப்டின் நிரலாக்கக் கோப்பே பரிந்துரைக்கிறது. அதாவது ஏறக்குறைய கால்வாசி அசைவு வெறும் நடுக்கம் என்று கொள்ளப்படுகிறது. விளையாட்டுக்கே அவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்றால், தேக்குப் பலகைக்கு மேல் தொங்கும் முனைக்கு அதைவிடக் குறைத்து ஒதுக்காதீர்கள்.

அடுத்தது, தோள் பொத்தானில் ஒன்றை அனுமதிப் பொத்தானாக வையுங்கள். அதை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டுமே ஸ்டிக் வேலை செய்ய வேண்டும்; விட்டதும் ஜொக் ரத்து போக வேண்டும். கொன்ட்ரோலரை மேசையில் வைக்கும்போது ஸ்டிக் எதிலாவது முட்டி அச்சு ஓடுவதை இது தடுக்கும். ஸ்பிண்டிலைத் தொடக்கும் பொத்தானைக் கொன்ட்ரோலரில் வைக்கவே வேண்டாம்.

அவசர நிறுத்தம் இதிலிருந்து முற்றாக வேறாக இருக்க வேண்டும். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் காளான் தலைச் சிவப்புப் பொத்தான், சாதாரண நிலையில் மூடியிருக்கும் தொடுப்பு, அதன் வழியே ஒரு கொன்டாக்டர், அது ஸ்பிண்டிலுக்கும் மோட்டர் ட்ரைவர்களுக்கும் போகும் மின்சாரத்தை வெட்ட வேண்டும். கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்கும் என்பதற்காகவே மூடிய தொடுப்பு. கணினி, யூஎஸ்பி, நிரல் என்று எதுவும் இடையில் வரக்கூடாது. கேபிள் கொன்ட்ரோலர் எடுத்தது நல்லது. கம்பியில்லாதது மின்கலம் தீர்ந்தோ உறங்கியோ போனால், கடைசியாக வந்த பெறுமானத்தையே நிரல் பிடித்துக்கொண்டிருக்க இடமுண்டு. யூஎஸ்பி கேபிளை ஸ்பிண்டில் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல், இரு முனையிலும் மின் இரைச்சலைக் குறைக்கும் ஃபெரைட் வளையம் போடுங்கள்.

உவர்மலை வாசி

தகப்பனாரின் ஐயத்துக்கு ஒரு தகவல். 2018 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையில் சேர்க்கப்பட்ட யூஎஸ்எஸ் கொலராடோ என்ற நீர்மூழ்கியில், எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும்: பெரிஸ்கோப்புக்குப் பதிலாக வந்த கமெராக் கம்பத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு. கப்பலைச் செலுத்துவதற்கு அல்ல. கைக்குப் பழகிய, மலிவான, உடனே மாற்றக்கூடிய கருவி என்ற அளவில் அது அங்கே போதும். நமது வேலையிலும் அந்த எல்லைக்குள் வைத்தால் பிழையில்லை என்பது என் கருத்து.

மருமகனின் நிரலைத் திருத்த நேரமில்லை என்றால், ஜிஆர்பிஎல்லுக்குக் கட்டளை அனுப்பும் யுனிவர்சல் ஜி-கோட் சென்டர் மென்பொருளின் பிளட்ஃபோம் பதிப்பில் ஜொய்ஸ்டிக் வசதி இருக்கிறது. ஜிசென்டர் மென்பொருளும் கேம்பாடை ஏற்கும். நான் ஜிஆர்பிஎல்லுக்குப் பதிலாக லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அங்கே ஸ்டிக்கின் பெறுமானம் நேரே ஜொக் வேகமாகப் போவதால், கட்டளைகள் வரிசையில் சேரும் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

உங்கள் இயந்திரத்தில் எல்லை ஆளிகள் இருந்தால், ஜிஆர்பிஎல் அமைப்புகளில் டொலர் 22 ($22) இல் ஹோமிங்கையும் (ஆளிகளைத் தொட்டுத் தன் இருப்பிடத்தை அறிவது) டொலர் 20 ($20) இல் மென் எல்லைகளையும் (மென்பொருள் காக்கும் எல்லைகள்) இயக்கிவிடுங்கள். எல்லையைத் தாண்டும் ஜொக்கை ஜிஆர்பிஎல் 15 ஆம் இலக்கப் பிழை என்று சொல்லி ஏற்க மறுக்கும்; இயந்திரம் பூட்டிக்கொள்ளாது. ஆனால் பலகை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கடைசி ஒரு மில்லிமீற்றரை ஸ்டிக்கால் இறக்க வேண்டாம். அம்புப் பொத்தான்களுக்கு ஒரு அழுத்தத்துக்கு 0.1 அல்லது 0.05 மி.மீ. என்று கொடுத்து, முனைக்கும் பலகைக்கும் இடையே தாளை வைத்து, அது பிடிபடும்வரை இறக்குங்கள்.

முதிரை (உப்புவெளி)

எல்லோருக்கும் மிக்க நன்றி. மருமகனோடு இரண்டு இரவு இருந்து, நீங்கள் சொன்னபடி மாற்றினோம். நீளம் இப்போது வேகத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. அனுமதிப் பொத்தானை அல்லது ஸ்டிக்கை விட்டால் ரத்து பைட் நேரே போகிறது. தேக்குக்குப் பதிலாக ஒரு தடித்த றெஜிபோம் பலகையைக் கட்டி, அதன்மேல் இருபது தடவை இறக்கி நிறுத்திப் பார்த்தோம். எல்லாத் தடவையும் விட்ட இடத்திலிருந்து அரை மி.மீ.க்குள் நின்றது. என் இசட் முடுக்கம் 200. அதன்படி நிற்கும் தூரமே 0.25 மி.மீ. வருவதால், மீதி கணினி ஸ்டிக்கை வாசிக்கும் தாமதம் என்று விளங்கிக்கொண்டோம். உவர்மலை ஐயா சொன்னபடி கடைசி மில்லிமீற்றர் இனி அம்புப் பொத்தானுக்கும் தாளுக்கும்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் ஐயா (தகப்பனார்) பார்த்துக்கொண்டு நின்றவர், அச்சு ஓடும்போதே கொன்ட்ரோலரின் கேபிளைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். அச்சு நிற்கவில்லை. ஸ்டிக்கின் கடைசிப் பெறுமானத்தை மட்டுமல்ல, அனுமதிப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் நிரல் பிடித்துக்கொண்டே இருந்தது. மூன்று சென்ரிமீற்றர் போன பிறகு நானே சிவப்புப் பொத்தானை அடித்தேன். பாரந்தூக்கியில் நெம்புகோலுக்கும் நிறுத்துவதற்கும் வேறு வேறு கம்பி ஓடும், இங்கே இரண்டும் ஒரே கம்பியில் வருகிறது என்று ஐயா சொன்னார். கொன்ட்ரோலர் கழன்ற செய்தியைப் பைகேம் 2 என்ற பைதன் நூலகம் தருகிறது என்பதால், அது வந்தவுடன் ரத்து அனுப்பும்படி மருமகன் இப்போது திருத்தியிருக்கிறான்.

சீனக்குடா மின்வினைஞர்

ஐயா சொன்னது முற்றிலும் சரி. அனுமதிப் பொத்தானைப் பற்றி எழுதும்போது நான் அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் கேபிளைப் பிடுங்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இம்முறை எக்ஸ், வை, இசட் மூன்றிலும் தனித்தனியாகச் செய்து, சிவப்புப் பொத்தானில் ஐயாவின் கை இருக்கட்டும். இன்னுமொன்று: நீங்கள் கொன்ட்ரோலரோடு இப்போது நிற்பது கணினிக்கு முன்னால் அல்ல, பலகைக்கு முன்னால். சிவப்புப் பொத்தானையும் கண்ணாடிக் கதவுக்கு இப்பால், அந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு மாற்றிப் பொருத்துங்கள்.