மழை படும் பக்கம் மட்டும் பெயிண்ட் உரிகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசல் மரக்கதவுக்கு மூன்று வருடம் முன்பு எனாமல் அடித்தோம். இப்போது வெளிப்பக்கத்தை விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. அடிப்பகுதியில் செதில் செதிலாக உரிந்து, உள்ளே மரம் சாம்பல் நிறமாகிவிட்டது. உள்பக்கம் அடித்த அன்று இருந்தது போலவே இருக்கிறது. தாத்தா காலத்துக் கதவு, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

சாதாரண மழைநீரே கரியமில வாயு கரைவதால் லேசான அமிலம்தான், பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7-க்குக் கீழே போனால் அமிலம்) 5.6 அளவு. எங்கள் பக்கம் தொழிற்சாலைப் புகையும் உண்டு. அதிலுள்ள கந்தக டை ஆக்சைடு சேர்ந்தால் இன்னும் கடுமையாகும். பெயிண்டில் கலக்கும் சுண்ணாம்புத் தூளை அமிலம் கரைத்துவிடும், அப்புறம் தண்ணீர் எளிதாக உள்ளே இறங்கும் என்று படித்தேன். ஆனால் வெயிலும் பெயிண்டை இப்படித் தூளாக்குமே. எது காரணம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சாம்பல் நிற மரத்தின் மேல் அப்படியே அடித்தால் நிற்காது, வெயில் மேல் நார்களை இற்றுப்போகச் செய்திருக்கும் என்பது தெரியும். உப்புத்தாள் போட்டு எவ்வளவு ஆழம் தேய்க்க வேண்டும்? பழைய எனாமல் கெட்டியாக இருக்கும் இடத்தில் பிரைமர் அடித்து, மேலே அக்ரிலிக் பெயிண்ட் போடலாமா? கதவின் அடி விளிம்பில் பெயிண்டே இல்லை, ஈரம் அங்கிருந்துதான் ஏறுகிறதோ என்று சந்தேகம். கதவைக் கழற்றாமல் அதை அடைக்க வழி உண்டா?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு முன் முடிக்க வேண்டும்.