ஒரே சவாரி மூன்று தடவை பதிவாகிறது: கடிகாரத்தையும் செயலிகளையும் எவ்வாறு இணைப்பது?

கொக்குவில் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 52 வயது. இரத்தத்தில் சீனி கூடியிருப்பதாகச் சென்ற ஆண்டு தெரியவந்ததிலிருந்து கிழமையில் இரண்டு நாள் துவிச்சக்கரவண்டிச் சவாரியும் நான்கு நாள் நடையுமாகப் பயிற்சி செய்து வருகிறேன். கிளினிக்கில் என்னைப் பார்க்கும் வைத்தியர் ஒவ்வொரு கிழமையும் எத்தனை நிமிடம் பயிற்சி செய்தேன் என்பதைக் கொப்பியில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார். அதற்காகவே மகன் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினான். கடிகாரத்துக்கென ஒரு செயலி, கைத்தொலைபேசியில் ஏற்கெனவே இருந்த உடல்நலச் செயலி ஒன்று, என் சவாரிகளை மகன் தான் இருக்கும் ஊரிலிருந்து பார்ப்பதற்காக மூன்றாவது ஒன்று என எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்தேன்.

கடந்த சனிக்கிழமை காலை 5.50 இற்குப் புறப்பட்டு, கோட்டையைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி வரை போய்த் திரும்பினேன். 58 நிமிடம் எடுத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது 15.1 கிலோமீற்றர் என ஒரு சவாரியும் 14.6 கிலோமீற்றர் என இன்னொன்றும் இருந்தன. காலைச் சாப்பாடு முடித்து மீண்டும் பார்த்தால் 15.1 என்றே மூன்றாவதும் வந்து சேர்ந்திருந்தது. கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு நடக்கும் நாட்களில்கூட நடை இரண்டு தடவை பதிவாகிறது. கிழமை முடிவில் கூட்டுத்தொகை 518 நிமிடம் என்கிறது. அவ்வளவு நேரம் நான் பயிற்சி செய்யவில்லை. அந்தக் கணக்கை வைத்தியரிடம் காட்ட மனம் ஒப்பவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. திங்கட்கிழமை விடியற்காலை நடக்கும் நடை சில வேளைகளில் மூன்றாவது செயலியில் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் விழுகிறது. எல்லா நாளும் அப்படி நடப்பதில்லை. என்னுடையது அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி. விடயம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

சில்லு எழுதியது:

வணக்கம் அண்ணா. 15.1 என்ற எண் இரண்டு தடவை வந்திருப்பதுதான் இதில் துப்பு. தனித்தனியாக அளந்த இரண்டு கருவிகள் ஒரே எண்ணைத் தருவது அரிது. ஆகவே முதலாவது கடிகாரத்தின் பதிவு, மூன்றாவது அதே பதிவின் பிரதி, 14.6 என்பது கைத்தொலைபேசிச் செயலி தானாகவே அளந்தது என்று கொள்ளலாம். உங்கள் கடிகாரச் செயலி சவாரியை இணையம் வழியாக மூன்றாவது செயலிக்கு அனுப்புகிறது. மூன்றாவது செயலி அதனைக் கைத்தொலைபேசியில் உள்ள ஹெல்த் கனெக்ட் என்ற பொதுக் களஞ்சியத்தில் தன் பெயரில் எழுதுகிறது. கடிகாரச் செயலியோ அங்கிருந்து அதைப் புதிய பயிற்சி என நினைத்து மீண்டும் வாசிக்கிறது. தரவு வட்டமடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. கைத்தொலைபேசி இல்லாத நாளிலும் நடை இரட்டிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

வட்டத்தை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் போதும். ஹெல்த் கனெக்ட் அன்ட்ரொயிட் 14 இலிருந்து கைத்தொலைபேசியின் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்திய பதிப்புகளில் அதைத் தனிச் செயலியாக நிறுவ வேண்டும். அங்கே ஒவ்வொரு செயலிக்கும் வாசிக்கும் அனுமதி வேறாகவும் எழுதும் அனுமதி வேறாகவும், அதுவும் நடையடி, இதயத்துடிப்பு, பயிற்சி என வகைவாரியாகக் கொடுக்கப்படுகிறது. பெரும்பாலானோர் முதல் நாளில் எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டு அந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். கடிகாரச் செயலிக்குப் பயிற்சியை எழுதும் அனுமதியை மட்டும் விட்டு, வாசிக்கும் அனுமதியை நீக்குங்கள். மூன்றாவது செயலி எழுதும் அனுமதியை நீக்குங்கள். கைத்தொலைபேசிச் செயலியில் பயிற்சியைத் தானாகக் கண்டறியும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அளப்பது கடிகாரம் ஒன்றே, மற்றவை வாங்கிக் காட்டுபவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்த் கனெக்டில் எந்தச் செயலிக்கு முதலிடம் என்று வரிசைப்படுத்தும் பக்கமும் உண்டு. நடையடி போன்ற கூட்டுத்தொகைகளை இரட்டிக்காமல் காக்க அது உதவும். ஆனால் பயிற்சிகளின் பட்டியலில் ஏற்கெனவே உள்ள இரட்டைப் பதிவுகளை அது அழிப்பதில்லை. ஐபோன் வைத்திருப்போர் அப்பிள் ஹெல்த்திலும் இதே போன்ற வரிசையைக் காண்பார்கள்.

பழைய பிரதிகளை நீங்களேதான் அழிக்க வேண்டும். தயவுசெய்து அதில் அவசரப்படாதீர்கள். கடிகாரத்திலிருந்து வந்த மூலப் பதிவில் இதயத்துடிப்பும் பாதையும் இருக்கும். பிரதியில் பல வேளைகளில் நேரமும் தூரமும் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, இதயத்துடிப்பு வரைபடம் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். ஓரிடத்தில் அழிப்பது மற்ற இடங்களிலும் அழியும் என்று எண்ண வேண்டாம். உதாரணமாக, ஸ்ட்ராவா என்ற பயிற்சிப் பகிர்வுச் செயலியில் அழித்த பயிற்சி, கார்மின் கடிகாரங்களுக்கான கார்மின் கனெக்ட் செயலியில் அப்படியே இருக்கும்.

14.6 பற்றியும் ஒரு வார்த்தை. கைத்தொலைபேசி பற்றரியைச் சேமிக்கும்போது ஜி.பி.எஸ். புள்ளிகளை இடைவெளி விட்டே எடுக்கும். புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துத் தூரம் கணிக்கப்படுவதால் வளைவுகள் வெட்டுப்பட்டுத் தூரம் குறையும். வரைபடத்தில் கடிகாரத்தினதும் கைத்தொலைபேசியினதும் பாதைக் கோடுகள் இரண்டும் பண்ணைப் பாலத்தில் ஒன்றாகவே போகும். கொக்குவில் ஒழுங்கைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் இருக்கும்.

திருநெல்வேலி மாணவி எழுதியது:

ஐயா, திங்கட்கிழமைக் குழப்பத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஞாயிறு கணக்கில் விழுந்த நடைகள் எல்லாம் காலை 5.30 இற்கு முன் தொடங்கியவையா என்று பாருங்கள். பயிற்சிக் கோப்புகளில் நேரம் பொதுவாக உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்படுகிறது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. நாம் திங்கள் காலை 5.15 இற்கு நடக்கத் தொடங்கினால் கோப்பில் அது ஞாயிறு இரவு 11.45 ஆகவே இருக்கும். அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் ஒரு செயலி காட்டினால் நடை முதல் நாளுக்குப் போய்விடும். 5.40 இற்குத் தொடங்கிய நடை அதே நாளில் நிற்பதால்தான் எல்லா நாளும் அப்படி நடப்பதில்லை. அந்தச் செயலியின் கணக்கு அமைப்பில் நேர வலயம் கொழும்பு என்று இருக்கிறதா எனச் சரிபாருங்கள்.

கிளினிக் தாதி எழுதியது:

அண்ணா, உங்கள் வைத்தியர் நிமிடம் கேட்டது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டியில் வளர்ந்தோருக்கும், நீரிழிவு உள்ளோருக்கும், கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி பரிந்துரைக்கப்பட்டுள்ளது. கதைக்க முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். அந்த அளவுதான் மிதமான பயிற்சி. நடையடி எண்ணிக்கையை இதற்குப் பதிலாக எழுத வேண்டாம். கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது கை அசைவதைக்கூடக் கடிகாரம் சில வேளை அடியாக எண்ணிவிடும். இணைப்பைச் சரிசெய்யும் வரை, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் கொப்பியில் கையாலேயே எழுதி வையுங்கள். உங்கள் மருந்தின் அளவை வைத்தியர் தீர்மானிக்கும்போது இந்த எண்ணையும் பார்ப்பார். ஆகையால் இரட்டித்த கணக்கைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்ததே சரி.

கொக்குவில் வாசி எழுதியது:

தம்பி, மகள், தங்கச்சி, மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

தம்பி சொன்னபடி அனுமதிப் பக்கத்தைத் திறந்தபோது மூன்று செயலிகளுக்கும் எல்லா வகையிலும் வாசிக்கவும் எழுதவும் நானே அனுமதி கொடுத்திருந்தது தெரிந்தது. அவற்றை நீக்கிய பின் புதன்கிழமைச் சவாரி ஒரே ஒரு தடவைதான் பதிவானது. காலைச் சாப்பாட்டுக்குப் பின்பும் மத்தியானமும் மீண்டும் பார்த்தேன், புதிதாக ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமையின் இரண்டு கோடுகளையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கைத்தொலைபேசியின் கோடு எங்கள் ஒழுங்கை முடக்கில் திரும்பாமல், பக்கத்து வீட்டு வளவுக்குள்ளால் நேராக வீதிக்குப் போகிறது.

ஞாயிறு கணக்கில் விழுந்த மூன்று நடைகளும் 5.10 இற்கும் 5.25 இற்கும் இடையில் தொடங்கியவை. நேர வலயம் மகன் இருக்கும் ஊராகவும் இல்லை, கொழும்பாகவும் இல்லை, தெரிவு செய்யப்படாமலே கிடந்தது. இப்போது மாற்றிவிட்டேன்.

பிரதிகளை அழித்துவிட்டு அந்தக் கிழமையை மீண்டும் கூட்டினேன். சவாரி 114 நிமிடம், நடை 88 நிமிடம், மொத்தம் 202. அதைக் கொப்பியில் எழுதி, முந்திய நான்கு கிழமைகளையும் இதேபோலத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு கிழமை முடிந்துவிட்டது. மற்ற இரண்டில் சில நடைகளுக்கு எந்தப் பதிவிலும் இதயத்துடிப்பு வரைபடம் இல்லை. அவற்றில் எது மூலம் என்று அறிய வேறு வழி உண்டா, தம்பி?

சில்லு எழுதியது:

உண்டு அண்ணா. பதிவைத் திறந்தால் எந்தக் கருவி அல்லது செயலி அதை எழுதியது என்று விவரப் பகுதியில் இருக்கும். கடிகாரத்தின் பெயர் உள்ளதே மூலம். இரண்டிலும் நேரமும் தூரமும் ஒன்றாகவே இருந்தால் நிமிடக் கணக்குக்கு எதை வைத்தாலும் பிழையில்லை.